பின்னங்கால் தடித்தவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த வீட்டின் பின்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: எடையளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முத்திரையார், அவருடைய மனைவி, பல் செட்டு செய்து கொடுக்கும் அவருடைய தம்பி, தங்கையின் கணவரான லிஃப்ட் மெக்கானிக், விருந்தாளியாக வந்திருந்த, ஆம்புலன்ஸ் ஓட்டும் அம்மாள். இவர்களைத் தவிர முப்பத்தேழு சிலந்திகள். அவற்றில் முப்பத்தாறு முத்திரையாருடையவை, ஒன்று அம்மாளுடையது. தங்கை வரவில்லை. எட்டுக்கால் உள்ள எதுவும் குடியிருக்கும் வீட்டில் தன் இரண்டு கால் படாது என்று பதினோரு வருடமாக ஒரே பிடியாக இருக்கிறார்.

முத்திரையார் என்பது பெற்றோர் இட்ட பெயர் அல்ல. கடைகடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தி, குறைந்திருந்தால் பழைய முத்திரையின் மேல் உளியால் குறுக்குக் கோடு வெட்டிவிட்டு வருவார். அதனால் வந்த பெயர். முகத்துக்கு முன்னால் ‘முத்திரை சார்’, முதுகுக்குப் பின்னால் வெறும் ‘முத்திரை’. சொந்தத் தம்பியின் பல் பட்டறையில் இருந்த குட்டித் தராசுக்கே நோட்டீஸ் கொடுத்தவர் என்று சொல்வார்கள். உண்மைதான். தராசு சாய்ந்திருந்தது, கொடுத்தார்.

டரான்டுலா என்கிற பெருஞ்சிலந்தி அவர் வாழ்க்கையில் நுழைந்ததும் ஆய்வு வழியாகத்தான். பதினோரு வருடத்துக்கு முன் வண்ண மீன் கடை ஒன்றில் தராசைச் சோதிக்கப் போனார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் கையகலப் பழுப்புச் சிலந்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. “இது என்ன இனம்?” என்று கேட்டார். “பெரிய இனம் சார்,” என்றார் கடைக்காரர். என்ன பொருள் என்று தெரியாமல் ஒரு பொருளை விற்பனைக்கு வைப்பதை முத்திரையாரால் சகிக்க முடியவில்லை. ஆய்வாளர் ஓசியில் வாங்கினார் என்று ஒரு நாக்கும் புரளக் கூடாது என்பதற்காக முழு விலை கொடுத்து, ரசீது வாங்கி, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீடு வந்தார். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் மனைவி கேட்டது ஒரே கேள்வி.

“இது எத்தனை வருஷம் இருக்கும்?”

“பொண்ணா இருந்தா இருபது வருஷம் இருக்கலாம்.”

“அப்ப என்னைவிட கெட்டியாத்தான் பிடிச்சிருக்கீங்க. சரி, சின்ன வீட்டைக் கொண்டுபோய்ப் பின்னால வைங்க.”

அன்றிலிருந்து பின்னறைக்குப் பெயர் சின்ன வீடு. “சின்ன வீட்டுக்குத் தண்ணி வெச்சாச்சா?” என்று அந்த அம்மையார் வாசலில் நின்று உரக்கக் கேட்பார். தெருவில் போகிறவர்கள் முத்திரையாரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர் நிமிர்ந்து நடப்பார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

பின்னறையில் இப்போது இரும்பு அலமாரி மூன்று, கண்ணாடித் தொட்டிகள் முப்பத்தாறு. எல்லாவற்றிலும் தேங்காய் நார்த்தூள், ஒரு மூடியளவு தண்ணீர், ஒரு மரப்பட்டை. ஆசியப் பக்கம் இடது சுவர். அதில் மரப்பொந்தில் வாழும் வகைகள் உண்டு. முன்னங்காலைத் தூக்கி மிரட்டும்போது அடியில் மஞ்சள் பட்டை தெரியும், பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வைத்துத்தான் அவற்றுக்குள் இனம் பிரிக்க முடியும். கடி வாங்காமல் அதைப் பார்ப்பவர் கெட்டிக்காரர். கீழ்த்தட்டில் நீல நிற மண்வளைச் சிலந்தி ஒன்று. உலகத்திலேயே அழகானது என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கால் வெளியே தெரியும். மற்ற நாளெல்லாம் அது ஒரு தொட்டி மண். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த மண்ணைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள்.

வலது சுவர் ஆஸ்திரேலியப் பக்கம். எல்லாமே பழுப்பு. எல்லாமே வாயருகில் இருக்கும் முள்மயிரை உரசிப் புஸ்ஸென்று சீறும். நிறத்தை வைத்து ஒன்றையும் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும். அதில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. ஒன்றில் முதல் கால் தடிமனாகவும் கடைசிக் கால் மெலிந்தும் இருக்கும். மற்றதில் கடைசிக் கால்தான் தடிமன். சிலந்தி பிரியர்கள் குழுவில் முதல் வகையை முன்னங்கால்காரர்கள், இரண்டாம் வகையைப் பின்னங்கால்காரர்கள் என்பார்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்கள். ஒன்றின் ஆணை மற்றதன் பெண்ணிடம் விட்டால் குட்டி பிறக்காது, கொலைதான் நடக்கும். தப்பித் தவறிப் பிறந்துவிட்டாலோ, எந்தக் குலம் என்று தெரியாத ஒன்று பெயர்ச்சீட்டோடு நாலு வீட்டுக்குப் போய்ச் சேரும். சிலந்தி பிரியர்கள் நடுவில் அதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது.

இந்த இனம் பிரிக்கும் விஷயத்தில் குழுவின் எண்பது பேருக்கும் முத்திரையார் வைத்ததுதான் சட்டம். சிலந்தி வளரும்போது பழைய தோலை முழுசாக உரித்துப் போடும். கால், நகம், கண்ணாடிபோல் கண் மூடிகூட அதில் இருக்கும். அந்தத் தோலை மாத்திரை டப்பாவில் அடைத்துத் தபாலில் அனுப்புவார்கள். அவர் அதைத் தண்ணீரில் ஊறவைத்து, விரித்து, அலுவலகக் காலத்து வெர்னியர் அளவுகோலால் அளந்து, இரண்டு வரியில் பதில் எழுதி, கீழே ஒரு ரப்பர் முத்திரை குத்தி அனுப்புவார். இருநூற்றுப் பதினான்கு பதில் எழுதியிருக்கிறார். ஒன்றுகூடப் பிசகியதில்லை.

அந்த மீன் கடைச் சிலந்திதான் அவருடைய முதல் சிலந்தி. மூத்தவள் என்று அழைப்பார்கள். அவள் தொட்டியில் இருந்த சீட்டு: ‘பின்னங்கால் வகை. பெண். அளந்து சான்றளிக்கப்பட்டது.’ தேதி, கையெழுத்து, முத்திரை. குழு முழுவதிலும் பின்னங்கால் வகையில் வளர்ந்த பெண் அவள் ஒருத்திதான்.

ஆகவேதான் ஆம்புலன்ஸ் அம்மாள் நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். பொட்டளவிலிருந்து ஐந்து வருடம் வளர்த்த ஆண் சிலந்தி ஒன்று அவரிடம் பெரியவனாகியிருந்தது. ஆணுக்கு அதன் பிறகு ஆயுள் அதிகமில்லை. சில மாதம், நல்ல காலம் இருந்தால் ஒரு வருடம். அதற்குள் ஜோடி சேர்க்காவிட்டால் அந்த வழி அத்தோடு முடிந்தது. சாப்பாட்டு டப்பாவில் ஓட்டை போட்டு, துண்டால் சுற்றி, முன் இருக்கையில் பெல்ட் மாட்டிக் கொண்டுவந்தார்.

லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் அழைக்கவில்லை. அவர் அழைத்து வருகிற ரகம் இல்லை. எந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தாலும் ஏறும்போது ஒரு கதை, இறங்கும்போது ஒரு கதை என்று மாடிக்கு மாடி இறக்கிவிட்டுப் போகிறவர்.

“வாங்க வாங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தாச்சு!” என்றார் வாசலிலேயே. “என்னம்மா, சைரன் போட்டுக்கிட்டா வந்தீங்க?”

“சொந்தக் கார்ல வந்தேன் அண்ணே. சைரன் போடற அளவுக்கு இவன் இன்னும் சாகலை.”

“உள்ள விட்டதும் போட்டுடலாம். பொண்ணு தின்னுடுமாமே?”

“சில சமயம்.”

“எங்க வீட்லயும் அதே கதைதான். என்ன, கொஞ்சம் கொஞ்சமா.”

“மாப்பிள்ளை,” என்றார் முத்திரையார்.

“சொல்லுங்க மச்சான்.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். அதைத்தான் சொல்றேன்.”

ஜோடி சேர்ப்பதற்கு முன் இரண்டு பக்கமும் கடைசியாக உரித்த தோலைக் காட்ட வேண்டும். இது குழுவின் எழுதாத விதி, முத்திரையாரே கொண்டுவந்தது. வாய்ப்பேச்சை நம்பி யாரும் தராசை வாங்குவதில்லை. அம்மாள் ஒரு சிறு டப்பாவை நீட்டினார். ஆணின் தோல். தம்பி அதை வெள்ளைப் பீங்கான் தட்டில் விரித்தார். பல்லோடு பல்லாக வாழ்கிற விரல்கள் அவருடையவை. ஒரு மயிர் ஒடியவில்லை. முத்திரையார் வெர்னியரை வைத்தார். முதல் காலின் தடிமன் ஐந்தரை மில்லிமீட்டர், கடைசிக் காலின் தடிமன் ஆறே கால்.

“சுத்தமான பின்னங்கால்,” என்றார். “நல்ல இடம்.”

“உங்க பக்கம் சார்?” என்றார் அம்மாள்.

தொனியில் குறை ஒன்றும் இல்லை. விதிப்படிதான் கேட்டார். ஆனாலும் முத்திரையாருக்குக் காது மடல் சூடாயிற்று. மூத்தவளின் சீட்டைப் பார்த்த பிறகு தோலைக் கேட்டவர்கள் பதினோரு வருடத்தில் யாரும் கிடையாது.

“சீட்டு இருக்கே,” என்றார் தம்பி, அண்ணன் சார்பில்.

“இருக்கு. இருந்தாலும் பாத்துடலாமே. நான் வண்டியில ஏத்தற ஆளு மூச்சு விடறாரான்னு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாலும் பாத்துட்டுத்தான் ஏத்துவேன்.”

“சபாஷ்,” என்றார் மெக்கானிக். “மச்சானுக்கு ஏத்த ஆளுதான்.”

“எடுத்துட்டு வா,” என்றார் முத்திரையார் மனைவியிடம்.

போன மாதம் மூத்தவள் உரித்த தோல் ஒரு செருப்புப் பெட்டியில் இருந்தது. அதோடு முந்தைய வருடங்களின் தோல்களும் இருந்தன. ஒன்றையும் அவர் அளந்ததில்லை. சீட்டுதான் ஏற்கெனவே இருக்கிறதே. தம்பி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து, தோலை அதில் மிதக்கவிட்டார். பத்து நிமிடம் ஊற வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஆறாவது நிமிடம் மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை. “பையன் முகத்தை ஒரு தடவை பாத்துக்கறேன்,” என்று துண்டை விலக்கி டப்பா மூடியைத் தூக்கினார்.

வயதுக்கு வந்த ஆண் டரான்டுலா பெண்ணைத் தேடி அலைகிற ஜீவன். ஒல்லி உடம்பு, நீளக் கால், கையில் குத்துச்சண்டைக்காரன் உறைபோல் இரண்டு உருண்டை. நான்கு மணி நேரம் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்த எரிச்சல் வேறு. மூடி திறந்ததும் மெக்கானிக்கின் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மூன்றே தாவலில் ஏறி, தலைவழியாகத் திரைச்சீலைக்குப் போய்விட்டான்.

“ஐயோ! ஐயோ! எம் மேல இருக்கா? எம் மேல இருக்கா?”

“இல்லண்ணே, உங்களை அவனுக்குப் பிடிக்கலை. அசையாதீங்க.”

“நான் அசையலை! கை தானா அசையுது!”

“கத்தாதீங்க,” என்றார் முத்திரையாரின் மனைவி. “அவன் பயந்துடுவான்.”

திரைச்சீலையிலிருந்து கதவுநிலை, கதவுநிலையிலிருந்து கூடம். அம்மாள் பின்னால் ஓடினார். தம்பி ஓடினார். மனைவி ஒரு டம்ளரையும் பழைய காலண்டர் அட்டையையும் எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து போனார். மெக்கானிக் தன் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டே போனார். அறையில் முத்திரையார் மட்டும் நின்றார். விரிக்க வேண்டிய தோலைத் தண்ணீரில் அதிகம் விடக் கூடாது, மூட்டு இளகிவிடும். அதனால் அவரே அதை எடுத்துத் தட்டில் விரித்தார். கால்களை வரிசையாகப் பிரித்தார். அவர்கள் வருவதற்குள் அளந்து வைத்துவிடலாம் என்று வெர்னியரை எடுத்தார்.

முதல் கால், ஏழு புள்ளி ஒன்று. கடைசிக் கால், ஆறு புள்ளி நான்கு.

வெர்னியரைத் துடைத்தார். பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். மறுபடி அளந்தார். முதல் கால் ஏழு புள்ளி ஒன்று. கடைசிக் கால் ஆறு புள்ளி நான்கு.

மூத்தவள் பின்னங்கால்காரி இல்லை. எந்த நாளும் இருந்ததில்லை.

எப்படி? நின்ற இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. சிலந்திக்கு வாய்க்குப் பக்கத்தில் இரண்டு கைகள் உண்டு. நடக்க உதவாது, தொட்டுப் பார்க்கத்தான். பெண்ணுக்கு அவை அச்சு அசல் கால்போலவே இருக்கும், என்ன, கொஞ்சம் மெலிசு. புதிதாக வளர்ப்பவர்கள் அந்தக் கையை முதல் கால் என்று எண்ணிவிடுவார்கள். அவருக்கு மாத்திரை டப்பா அனுப்புகிறவர்களில் பாதிப்பேருக்கு அவர் எழுதும் முதல் வரியே ‘கையைக் காலாக எண்ண வேண்டாம்’ என்பதுதான். பதினோரு வருடத்துக்கு முன், கையில் புத்தகமும் இல்லாமல், கேட்க ஆளும் இல்லாமல், புத்தம் புது ஆர்வத்தில் அவர் அளந்தது கையை. மெலிந்த கை, அதைவிடத் தடித்த பின்னங்கால், ஆகவே பின்னங்கால் வகை. முத்திரை.

பிறகு கற்றுக்கொண்டார். எல்லோருக்கும் சரியாகச் சொன்னார். தன் முதல் சீட்டை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. முத்திரை குத்திய எடைக்கல்லையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அதைத் தவறவிட்டதற்காக எத்தனையோ கடைக்காரர்களை வெயிலில் நிற்க வைத்திருக்கிறார்.

கூடத்தில் நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. “சோபாவுக்கு அடியில!” என்று மெக்கானிக்கின் குரல்.

முத்திரையார் அந்தக் குரலைக் கேட்டார். அந்தக் குரல் நாளைக்கு எத்தனை மாடி ஏறி இறங்கும் என்று நினைத்தார். இருநூற்றுப் பதினான்கு டப்பாக்கள் திரும்பி வருவதுபோல் ஒரு கணம் தோன்றியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போது தட்டுக்குப் போயின என்று அவருக்குத் தெரியாது. ஊறிய தோல், மூட்டு இளகியிருந்தது. இடது முதல் கால் சத்தமே இல்லாமல் கழன்று வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஈரம் துணியில் ஊறி, நெஞ்சுக்கு நேராக ஒரு காசளவு குளிர்ந்தது.

முதலில் திரும்பி வந்தது மனைவி. டம்ளருக்குள் ஆண், அடியில் காலண்டர் அட்டை. ஒரு முடிகூடக் கலையவில்லை, இரண்டு பேருக்கும்.

“பிடிச்சாச்சு. செருப்பு வைக்கிற இடத்துல போய் உக்காந்திருந்தான். நல்ல பிள்ளை.”

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மற்ற மூவரும். மெக்கானிக் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். அம்மாள் ஆணைப் பத்திரமாக டப்பாவில் விட்டு, மூடிமேல் ஒரு கனமான அகராதியை வைத்தார். பிறகு தட்டின்மேல் குனிந்தார்.

“விரிச்சாச்சா சார்? அளந்துட்டீங்களா?” கொஞ்ச நேரம் பார்த்தார். “இடது முதல் கால் எங்க?”

“இல்லையா?” என்றார் தம்பி.

“காணோமே.”

“விழுந்திருக்கும்,” என்றார் மெக்கானிக். மேஜைக்கு அடியில் புகுந்து நான்கு காலில் தவழ்ந்தார். “இந்தக் கூத்துல மனுஷன் காலே மிஞ்சினது பெரிசு. இங்க ஒண்ணும் இல்லை. ஆமா, இதைக் கடைசியாத் தொட்டது யாரு? நம்ம பல்லு டாக்டர்தானே? தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி அவிச்சுட்டார்போல. கோழிக்காலா அது?”

தம்பியின் முகம் சிவந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பல்லைத் தவறவிட்டதில்லை அவர். அடுத்தவர் வாய்க்குள் நிற்கப்போகிற வேலை என்பதால் மூச்சைக்கூட அளந்து விடுகிறவர். விரலை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மாள் பக்கம் திரும்பினார்.

“மன்னிச்சுக்கங்க. என் தப்பாத்தான் இருக்கும். சோப்பு ஒரு சொட்டு அதிகமாயிடுச்சுபோல. அண்ணன் அளவுல தப்பு வராது, நீங்க கவலைப்படாதீங்க.”

“ஐயோ, பரவாயில்லைங்க,” என்றார் அம்மாள்.

“எல்லாருக்கும் வர்றதுதான்,” என்றார் மெக்கானிக் மேஜைக்கு அடியிலிருந்து, உற்சாகமாக. “நாளைக்கு யார் வாயில எந்தப் பல்லு கழண்டு விழுதோ!”

முத்திரையார் தம்பியைப் பார்த்தார். செய்யாத தப்புக்குத் தலை குனிந்து நிற்கிற அந்த உச்சி வழுக்கையைப் பார்த்தார். பொய் எடையோடு பிடிபட்ட கடைக்காரர்கள் முதலில் காட்டுவது எப்போதும் பக்கத்தில் நிற்கும் பையனைத்தான். “அவன்தான் சார் தராசைத் தொட்டான்.” அப்படிச் சொன்னவர்களை அவர் ஒரு நாளும் மன்னித்ததில்லை.

“தேட வேணாம்,” என்றார்.

“இருங்க மச்சான், அலமாரிக்குப் பின்னால...”

“எழுந்திரிங்க மாப்பிள்ளை. கால் அங்க இல்லை.”

சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டார். காலை எடுத்துத் தட்டில், அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். நேராக வைத்தார். மூத்தவள் தன் தொட்டியில் எதற்கோ ஒருமுறை புஸ்ஸென்றாள்.

“நான்தான் கழட்டினேன். நீங்கல்லாம் அந்தப் பக்கம் போயிருந்தப்ப. முதல் கால் ஏழு புள்ளி ஒண்ணு. கடைசிக் கால் ஆறு புள்ளி நாலு. அவ பின்னங்கால் வகை இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நான் கையைக் காலா எண்ணியிருக்கேன்.” தம்பியைப் பார்க்காமல் தம்பியிடம் சொன்னார்: “தண்ணி சரியாத்தான் இருந்துது. சோப்பும் சரி.”

முதலில் வாயைத் திறந்தது மனைவிதான்.

“சட்டைப் பையில ஈரமா எதையும் வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

ஆம்புலன்ஸ் அம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாதபடி உதடு ஒரு பக்கம் இழுத்தது.

“சார். ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“வலது பக்கமும் ஒரு முதல் கால் இருக்கே சார். அதை ஏன் விட்டுட்டீங்க?”

முத்திரையார் தட்டைப் பார்த்தார். இருந்தது. முழுசாக, அழகாக, ஏழு புள்ளி ஒன்றோடு நீட்டிக்கொண்டிருந்தது.

“தோணலை,” என்றார்.

அப்போதுதான் மெக்கானிக் சிரித்தார். மேஜையில் தலை இடிக்கிற அளவுக்குச் சிரித்தார். “முப்பத்தொரு வருஷம் மச்சான்! ஊர்ல இருக்கிற திருடனையெல்லாம் பிடிச்சீங்க, ஒருத்தன்கிட்டகூடத் தொழில் கத்துக்கலையே!” தம்பியும் சிரித்துவிட்டார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முத்திரையார் சிரிக்கவில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அவர் மூத்தவளின் தொட்டிக்குப் போனார். சீட்டைப் பிய்த்தெடுத்து மேஜைமேல் வைத்து, தன் முத்திரையின் குறுக்கே பேனாவால் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். அருகில் தேதி எழுதினார். புதுச் சீட்டில் ‘முன்னங்கால் வகை. பெண்’ என்று எழுதி, வெர்னியரைத் தம்பியிடம் நீட்டினார்.

“நீ அளந்து பாரு. பாத்துட்டு நீ கையெழுத்துப் போடு.”

“நானா அண்ணா?”

“பின்ன? பிடிபட்டவனே சான்று குடுக்கறது எந்த ஊர் சட்டம்?”

தம்பி வலது காலையும் இடது காலையும் இரண்டு தடவை அளந்து, பல் செட்டு ரசீதில் போடுவதுபோல் குட்டியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆணுக்குத்தான் அன்றைக்கு நியாயம் கிடைக்கவில்லை. சம்பந்தம் நின்றது. “உயிரோட திரும்பற முதல் மாப்பிள்ளை,” என்று மெக்கானிக் சொன்னது ஒரு ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாள் டப்பாவைத் துண்டால் சுற்றும்போது முத்திரையார் வாசல்வரை போனார்.

“உங்களை நாலு மணி நேரம் ஓட வெச்சுட்டேன்.”

“எட்டு சார். திரும்பிப் போகணும்ல.”

“எட்டு,” என்று திருத்திக்கொண்டார்.

“சார், அந்தக் கை விஷயம். எனக்கும் முத தடவை அதே தப்புதான். ஆனா நான் யாருக்கும் முத்திரை குத்திக் குடுக்கலை.” கார்க் கதவைச் சாத்திக்கொண்டார். “குழுவுல நீங்களே சொல்லிடுங்க. உங்க மாப்பிள்ளை சொல்றதுக்கு முன்னாடி.”

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எண்பது பேருக்கும் எழுதினார். அளவுகள், தவறு, தேதி எல்லாம் இருந்தன. காலைக் கழற்றியதையும் எழுதினார். எழுத வேண்டாம் என்று தம்பி சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. பதிலுக்குப் பலர் கேலி செய்தார்கள். சிலர் தங்கள் பழைய சீட்டுகளை எடுத்து மறுபடி அளந்தார்கள். மூன்று பேர் வீட்டில் கை, காலாகியிருந்தது. அதில் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநரிடம் இருந்தது மட்டும் சரியாக அளந்த பிறகும் பின்னங்கால்காரிதான். ஆனால் சின்னவள், இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். அம்மாளின் ஆண் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. ஏழாம் மாதம் ஒரு நாள் விடிந்தபோது, தண்ணீர் மூடிக்குப் பக்கத்தில் கால்களை மடித்துக்கொண்டு கிடந்தான். அம்மாள் அவனை அனுப்பி வைத்தார். முத்திரையார் பெட்டியைத் திறந்து, அளந்து, ‘பின்னங்கால் வகை. ஆண்’ என்று எழுதி அலமாரியில் வைத்தார். கீழே தம்பியும் கையெழுத்துப் போட்டார். இப்போது எல்லாச் சீட்டிலும் இரண்டு கையெழுத்து.

தபாலில் டப்பாக்கள் வருவது குறையவில்லை. ‘சார், கை எது கால் எது என்று பார்த்துச் சொல்லவும்’ என்று மேலே எழுதி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். மூத்தவள் நன்றாகச் சாப்பிடுகிறாள். பெயர் மாறியதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கும் கட்டடங்களில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. ஆம்புலன்ஸ் ஓட்டும் அம்மாள் சந்தேகப்பட்டு, முத்திரையாரின் கையைப் பிடித்து நிறுத்தி, சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சிலந்திக் காலை வெளியே இழுத்தாராம். பதினான்காவது மாடியில் அதை நடித்தே காட்டுகிறார்களாம். அப்படி நடக்கவில்லை. அவர் பைக்குள் யாரும் கை விடவில்லை. அவரே எடுத்து வைத்தார்.